ஷ்ரூஸ்பரி: ஆறு வளைத்துப் பிடித்த ஊர் (வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில் இங்கிலாந்தின் சின்ன ஊர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, ஷ்ரூஸ்பரியை ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. எனக்கு ரொம்பப் பிடித்த ஊர், அதனால் பதில்கள் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

சென்னையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு பார்த்தாகிவிட்டது, இருவருக்கும் கூட்டம் அலுத்துவிட்டது. ஷ்ரூஸ்பரியில் அப்படி என்ன இருக்கிறது, எப்படிப் போவது? (லெஸ்டரிலிருந்து ஒரு வாசகி)

முதலில் ஊர் உட்கார்ந்திருக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. வேல்ஸ் மலையில் பிறக்கும் செவர்ன் ஆறு, பிரிட்டனிலேயே நீளமானது, 354 கிலோமீட்டர். அது இங்கே வந்ததும் ஒரு மேட்டைச் சுற்றி வளைந்து, கிட்டத்தட்ட புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, அப்புறம்தான் வழியைப் பார்த்துக்கொண்டு போகிறது. அந்த மேட்டின் மேல்தான் பழைய ஊர். மூன்று பக்கமும் தண்ணீர், நான்காவது பக்கத்தில் சில நூறு மீட்டர் அகலத்துக்கு மட்டும் தரை. அந்தக் கழுத்தில் ஒரு கோட்டையைக் கட்டிவிட்டால் போதும், ஊர் பத்திரம். 1066-க்குப் பிறகு வந்த நார்மன் பிரபு ரோஜர் டி மாண்ட்கோமரி அதைத்தான் செய்தார். சிவப்பு மணற்கல் கோட்டை இன்றும் ரயில் நிலையத்துக்கு மேலேயே நிற்கிறது, ரயிலை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்க்கலாம். கிழக்கே போக இங்கிலீஷ் பிரிட்ஜ், மேற்கே போக வெல்ஷ் பிரிட்ஜ். வேல்ஸ் எல்லை அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவுதான், அந்த எல்லைதான் இந்த ஊருக்குச் சோறு போட்டது, சண்டையையும் கொண்டுவந்தது.

மற்ற ஊர்களில் பழைய வீடு என்றால் தெருவுக்கு ஒன்றிரண்டு இருக்கும், அதற்கும் வாசலில் வரிசை நிற்கும். இங்கே பட்டியலிட்டுப் பாதுகாக்கிற கட்டடங்களே அறுநூறுக்கும் மேல். 15, 16-ம் நூற்றாண்டு மரச்சட்ட வீடுகளில் செருப்புக்கடையும் காப்பிக்கடையும் சாதாரணமாக நடந்துகொண்டிருக்கின்றன, மேல்மாடி தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், எதிர்வீட்டு மாடியும் அப்படியே நீட்டியிருக்கும், இடையில் ஒரு கீற்று வானம் தெரியும். ஊரின் பெரிய தெருக்களை இணைக்கிற இந்த ஒடுங்கிய சந்துகளை ஊர்க்காரர்கள் ‘ஷட்’ என்கிறார்கள். எந்தச் சந்து கண்ணில் பட்டாலும் நுழைந்துவிடுங்கள், தொலைந்துபோகவே முடியாது. கீழே இறங்கினால் ஆறு, மேலே ஏறினால் சதுக்கம்.

உங்களுக்குப் பர்மிங்காம் போய் மாறவேண்டும். நியூ ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரம். லண்டனிலிருந்து வருகிறவர்களும் பர்மிங்காமிலோ க்ரூவிலோ வண்டி மாறினால் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம். அப்பா அம்மாவுக்கு 60 வயது தாண்டியிருந்தால் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சீனியர் ரயில்கார்டு வாங்குங்கள், டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும், சுற்றுலாவாக வந்தவர்களுக்கும் தருகிறார்கள். ஒரு நாளில் அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடிவராமல், முடிந்தால் ஒரு ராத்திரி தங்குங்கள். பகலில் வந்த சுற்றுலாக்காரர்கள் போன பிறகு சாயங்காலம் அந்த ஊரில் நடப்பது தனிச் சுகம்.

ஷ்ரூஸ்பரி சதுக்கத்தின் நடுவில் ராபர்ட் கிளைவின் சிலை இருக்கிறதாமே. ஆற்காட்டுப் பக்கத்து ஆள் நான். அந்தச் சிலையை வைத்துக் கொண்டாடும் ஊருக்கு நாம் ஏன் போகவேண்டும்? (வேலூர் வாசகர்)

நியாயமான கோபம். சிலை இருக்கிறது, உண்மைதான், 1860-ல் வைத்தது, மரோக்கெட்டி என்ற சிற்பி செய்தது. கிளைவ் பிறந்தது இதே ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், மார்க்கெட் ட்ரெய்ட்டனுக்குப் பக்கத்தில். இந்தியாவில் சேர்த்த பணத்தோடு திரும்பியவர் 1761-ல் ஷ்ரூஸ்பரியின் எம்.பி. ஆனார், சாகும்வரை, அதாவது 1774 வரை, அந்த இடம் அவரிடம்தான் இருந்தது. நடுவில் 1762-ல் ஊர் மேயராகவும் இருந்திருக்கிறார்.

உங்கள் ஊர்க்கதை உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1744-ல் சென்னைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி குமாஸ்தாவாக வந்த பையன் அவர். 1751-ல் நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் திருச்சியை முற்றுகையிட்டு, உள்ளே ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலி மாட்டிக்கொண்டிருந்தபோது, எதிரியின் கவனத்தைத் திருப்ப ஆற்காட்டைப் பிடிக்கலாம் என்று சுமார் 200 ஐரோப்பியர்களையும் 300 சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு போனார். கோட்டை சண்டையில்லாமலே கைக்கு வந்தது. அதன் பிறகு சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் வந்து வளைத்துக்கொள்ள, 50 நாள் முற்றுகை. சோறு குறைந்தபோது சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சியைத் தாங்கள் குடித்துக்கொண்டதாக ஒரு கதையை ஆங்கிலேயர்கள் தலைமுறை தலைமுறையாகப் புத்தகத்தில் எழுதிவந்தார்கள். அந்தக் கதை நடந்ததோ இல்லையோ, அந்த முற்றுகையில் நின்ற நம்மூர்க்காரர்கள் ஒருவருக்கும் எந்தச் சதுக்கத்திலும் சிலை இல்லை. சிலை ஒருவருக்குத்தான் கிடைத்தது.

2020-ல் அதை எடுக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். மாவட்ட கவுன்சில் வாக்கெடுப்பு நடத்திச் சிலை இருக்கட்டும், பக்கத்தில் விளக்கப் பலகை வைப்போம் என்று முடிவுசெய்தது. என் கருத்தைக் கேட்டால், 1765-ல் வங்காளத்தின் வரி வசூலைக் கம்பெனி கையில் வாங்கிக்கொடுத்தவரையும், ஐந்தே வருடத்தில் அங்கே வந்த பெரும் பஞ்சத்தையும் சேர்த்துச் சொல்லாத எந்தக் கல்லும் பாதி உண்மைதான். அதற்காகத்தான் நாம் போகவேண்டும் என்கிறேன். ஆற்காடு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் அந்தச் சிலைக்கு முன்னால் நின்று, கூட வந்த பிள்ளைகளுக்கு முழுக்கதையையும் தமிழில் சொல்வது முக்கியம் என்று நினைக்கிறேன்.

இன்னும் பார்க்க மனமிருந்தால், ரயிலில் அரைமணிக்குள் வேல்ஸில் வெல்ஷ்பூல் வந்துவிடும். அங்கே இருக்கும் பாவிஸ் கோட்டைக்குப் போங்கள். கிளைவின் மகன் எட்வர்ட் 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது அவர் காலத்தில்தான். திப்பு சுல்தானின் கூடாரம், பூவேலை அச்சிட்ட பருத்தித் துணி, அங்கே இருக்கிறது. அவருடைய சிம்மாசனத்தில் இருந்த பொன் புலித்தலை ஒன்றும் இருக்கிறது. பார்த்தால் மனம் கனக்கும். எந்தெந்த அறைகள் திறந்திருக்கும் என்று போகுமுன் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தை ஊர், சந்தை ஊர் என்கிறார்கள். சந்தை இன்னும் நடக்கிறதா, இல்லை பெயருக்குத்தானா? (மதுரை வாசகி)

நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. ஆனால் நீங்கள் முதலில் பார்க்கவேண்டியது பழையதை. அதே சதுக்கத்தில், கிளைவுக்குப் பக்கத்தில், 1596-ல் கட்டிய பழைய மார்க்கெட் ஹால் இருக்கிறது. வேல்ஸ் மலைகளில் நெய்த முரட்டுக் கம்பளித் துணி எல்லை தாண்டி இந்த ஊருக்குத்தான் வந்தது. அதை வாங்கி, முடித்து, லண்டனுக்கு அனுப்பிய ஜவுளி வியாபாரிகள் சங்கம்தான் ஊரையே நடத்தியது என்று சொல்லலாம். மாடியில் அவர்கள் துணி வியாபாரம், கீழே வளைவுகளுக்கு அடியில் தானிய வியாபாரம். கீழே போய் நின்று தூண் பக்கத்தைக் கூர்ந்து பாருங்கள், சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாக இருக்கும். எத்தனை விற்றது என்று கணக்கு வைக்க வியாபாரிகள் பயன்படுத்தியவை. விரலை வைத்துப் பார்த்தேன், விளிம்பெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பெரிய அரண்மனைகளைவிட இந்த ஓட்டைகள் எனக்கு நெருக்கமாக இருந்தன. இப்போது மாடியில் ஒரு சின்ன சினிமா தியேட்டரும் காப்பிக்கடையும் நடக்கின்றன.

அங்கிருந்து இரண்டு சந்து தாண்டினால் புட்சர் ரோ, கசாப்புக்காரர்கள் தெரு. அதன் மூலையில் அபட்ஸ் ஹவுஸ். மரத்தின் வளையங்களை எண்ணி 1450-களின் கடைசியில் கட்டியது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் அந்தக் காலத்துக் கடை ஜன்னல்கள் அப்படியே இருக்கின்றன. கண்ணாடி கிடையாது, அகலமான மரப்பலகைதான், அதன்மேல் சரக்கைப் பரப்பித் தெருவில் நிற்பவருக்கு விற்பார்கள்.

புது மார்க்கெட் 1965-ல் கட்டிய செங்கல் கட்டடம், உயரமான மணிக்கூண்டோடு. வெளியே இருந்து பார்த்தால் அழகு என்று சொல்லமாட்டேன். பழைய கட்டடங்களுக்கு நடுவில் அது எப்படி அனுமதி வாங்கியது என்றுதான் தோன்றும். உள்ளே போனால் எல்லாம் மறந்துபோகும். மீன், கறி, பக்கத்துப் பண்ணைக் காய்கறி, பாலாடைக்கட்டி, பழைய புத்தகம், பூ, தையல் சாமான், நடுநடுவே பல நாட்டுச் சாப்பாட்டுக் கடைகள். பிரிட்டனின் அபிமான மார்க்கெட் என்று வாக்கெடுப்பில் 2018-லும் 2023-லும் ஜெயித்திருக்கிறது. ஞாயிறு, திங்களை விட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள். சனிக்கிழமை மதியத்துக்குள் போனால் சந்தைக் களை முழுசாக இருக்கும்.

புனாவில் ஷ்ரூஸ்பரி பிஸ்கட் விற்கிறார்களே, அதுவும் இந்த ஊரும் ஒன்றுதானா? (ஓசூர் வாசகர்)

பெயர் இந்த ஊருடையதுதான். வெண்ணெய் நிறையப் போட்ட மெல்லிய பிஸ்கட் இந்த ஊரில் பல நூற்றாண்டுகளாகப் பிரசித்தம். புனாவில் கிடைப்பது கனமாகவும் அதிக வெண்ணெயாகவும் இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். ஊர்க்காரர்கள் மன்னிக்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், மகனிடம் லண்டனுக்கு வர இருக்கிறேன். டார்வின் பிறந்த ஊர் என்பதால் ஷ்ரூஸ்பரியைக் கட்டாயம் பார்க்க ஆசை. எதைப் பார்க்கலாம்? (யாழ்ப்பாணம் வாசகர்)

உங்களைப் போன்றவருக்குத்தான் அந்த ஊர். 1809 பிப்ரவரி 12-ல் சார்ல்ஸ் டார்வின் பிறந்த ‘தி மவுண்ட்’ வீடு, வெல்ஷ் பிரிட்ஜ் தாண்டி ஃப்ராங்க்வெல் மேட்டில் இருக்கிறது. எப்போதும் திறந்திருக்கும் அருங்காட்சியகம் என்று நினைத்துப் போகாதீர்கள், உள்ளே விடுகிற நாட்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அவர் 1818 முதல் 1825 வரை படித்த பள்ளிக்கூடக் கட்டடம் கோட்டைக்கு எதிரே இருக்கிறது. இப்போது அது ஊர் நூலகம், வாசலில் அவருடைய சிலை, 1897-ல் வைத்தது. பள்ளிக்கூடம் 1882-லேயே ஆற்றுக்கு அக்கரைக்கு மாறிவிட்டது.

நீங்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு: நூலகத்திலிருந்து மவுண்ட் வரை நடங்கள். ஒரு மைலுக்குச் சற்றுக் கூட இருக்கும். விடுதியில் தங்கிப் படித்த பையன், வகுப்பு இடைவேளை நீளமாகக் கிடைத்தபோதெல்லாம் வீட்டுக்கு ஓடிப்போய், ராத்திரி கதவைப் பூட்டுவதற்குள் ஓடித் திரும்புவாராம், அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வீட்டுத் தோட்டத்தில் கருவிகள் வைக்கும் கொட்டகையில் அண்ணன் எராஸ்மஸ் ஒரு வேதியியல் கூடம் வைத்திருந்தார், தம்பி அதில் எடுபிடி. அது தெரிந்து பள்ளிப் பையன்கள் ‘காஸ்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள், தலைமையாசிரியர் எல்லோர் முன்னிலையிலும் வேண்டாத வேலை என்று கண்டித்தார். வகுப்பில் இதைச் சொல்லுங்கள், பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் தெம்பாக இருக்கும்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. பெல்ஸ்டோன் என்ற இடத்தில், மாரிஸ் ஹால் முற்றத்தில், ஒரு பாறாங்கல் கிடக்கிறது. அந்தப் பக்கத்து மண்ணுக்குச் சம்பந்தமில்லாத கல். ஊர்ப் பெரியவர் ஒருவர் சிறுவன் டார்வினிடம் அதைக் காட்டி, இந்தக் கல் இங்கே எப்படி வந்தது என்று உலகம் முடிகிறவரை யாராலும் சொல்ல முடியாது என்றாராம். பனியாறுகள்தான் இப்படிப்பட்ட கற்களை இழுத்து வந்து போட்டன என்று பிற்பாடு படித்தபோது அவருக்கு அத்தனை சந்தோஷம். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, உட்காரும் உயரத்தில் ஒரு கல். ஒரு விஞ்ஞான ஆசிரியர் அதன்மேல் கை வைக்காமல் திரும்பக் கூடாது.

கோயில் ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் எது? (திருச்சி வாசகி)

செயின்ட் மேரிஸ். அங்கே இருக்கும் ஜெஸ்ஸி ஜன்னல், அதாவது இயேசுவின் வம்சத்தை மரமாகக் காட்டும் ஜன்னல், 14-ம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடி, வெயில் அடிக்கும் நேரத்தில் போங்கள். அந்த ஜன்னல் முன்பு பழைய செயின்ட் சாட்ஸ் கோயிலில் இருந்தது. அங்கே சுவரில் விரிசல் கண்டு, தாமஸ் டெல்ஃபோர்டைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பிற்பாடு பாலம், கால்வாய் என்று நாடே கொண்டாடிய அதே எஞ்சினியர். கோபுரம் தாங்காது, உடனே பிரித்துக் கட்டுங்கள் என்றார் அவர். நிர்வாகிகள் கேட்கவில்லை. சில நாட்களில், 1788 ஜூலையில் ஒரு விடிகாலை, கடிகாரம் நான்கு அடிக்கும்போது கோபுரம் சரிந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. அதற்குப் பதிலாக 1792-ல் ஆற்றைப் பார்த்தபடி வட்டவடிவமாகக் கட்டியதுதான் இன்றைய செயின்ட் சாட்ஸ், டார்வினுக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம்.

செயின்ட் மேரிஸ் வெளிச்சுவரில் ஒரு கல்வெட்டையும் படியுங்கள். ராபர்ட் காட்மன் என்பவர் கோயில் கூம்பிலிருந்து ஆற்றின் அக்கரைக்குக் கயிறு கட்டி, மார்பில் பலகை வைத்துச் சறுக்கி வித்தை காட்டியவர். கயிற்றை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார்கள், அறுந்து விழுந்து இறந்துபோனார். திறமைக் குறைவால் விழவில்லை, கயிற்றின் குற்றம் என்று கல்வெட்டு அடித்துச் சொல்கிறது. ஒரு தொழிலாளியின் பேரைக் காப்பாற்ற யாரோ அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள், அது எனக்குப் பிடித்தது.

நான் நூற்பாலையில் எஞ்சினியர். உலகின் முதல் இரும்புச் சட்டக் கட்டடம் ஷ்ரூஸ்பரியில் என்று படித்தேன். பார்க்க அனுமதி உண்டா? (கோவை வாசகர்)

உண்டு. 2022 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறார்கள். ஊருக்கு வடக்கே டிதரிங்டனில், மையத்திலிருந்து நடந்தே போகலாம். 1797-ல் கட்டிய ஆளிநார் (லினன்) நூற்பாலை. அந்தக் காலத்து ஆலைகள் மரத்தூண், மரத்தளம். காற்றெல்லாம் பஞ்சுத் தூசி, வெளிச்சத்துக்கு எண்ணெய் விளக்கு, மிச்சத்தை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சார்ல்ஸ் பேஜ் என்பவர் தூண், உத்தரம் இரண்டையும் வார்ப்பிரும்பில் செய்து, இடையே செங்கல் வளைவு போட்டு, மரமே இல்லாமல் ஐந்து மாடி எழுப்பினார். வானளாவிய கட்டடங்களுக்கெல்லாம் இதுதான் பாட்டன் என்று சொல்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். தூண்களின் குறுக்குவெட்டு சிலுவை வடிவில் இருக்கும், நடுப்பகுதி கொஞ்சம் பெருத்திருக்கும். பாரம் எங்கே அதிகம் அழுத்தும் என்று கணக்குப் போட்டுச் செய்த மனிதரின் மூளையை அந்தத் தூணிலேயே பார்க்கலாம். பிற்பாடு 1897 முதல் பார்லி முளைகட்டும் மால்ட் ஆலையாகி, 1987-ல் மூடி, வெகுகாலம் பாழாகக் கிடந்தது. அதை இடிக்காமல் மீட்டெடுத்ததற்கு அந்த ஊருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். கையில் இன்னொரு நாள் இருந்தால் 1779-ன் இரும்புப் பாலம் நிற்கும் அயர்ன்பிரிட்ஜுக்கும் போய்விடுங்கள், அதே செவர்ன் ஆற்றின் மேல்தான், காரில் அரைமணிக்குக் கொஞ்சம் கூட ஆகலாம்.

டிசம்பர் விடுமுறையில்தான் எங்களுக்கு வசதி. வெள்ளம் வரும் என்கிறார்களே? (க்ராய்டன் வாசகர்)

வரும். மழைக்காலம் என்று தனியாக ஒன்று இல்லை, இலையுதிர் காலத்திலிருந்து பிப்ரவரி முடிய வேல்ஸ் மலையில் தொடர்ந்து மழை கொட்டினால் தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் இங்கே ஏறிவிடும். 2000-ல் ஒரே பருவத்தில் மூன்று தடவை, 2020 பிப்ரவரியில் மறுபடி. ஃப்ராங்க்வெல்லில் 2003-ல் தடுப்பு கட்டினார்கள். சாதாரண நாளில் வெறும் தாழ்ந்த சுவர்தான் கண்ணுக்குத் தெரியும், ஆறு ஏறும்போது கம்பங்களை நட்டு அலுமினியப் பலகைகளை அடுக்கிவிடுவார்கள். இருந்தாலும் கோல்ஹாம் ஹெட் போன்ற இடங்களில் தண்ணீர் புகுந்துவிடுகிறது, ஃப்ராங்க்வெல் கார் நிறுத்துமிடம் மூழ்குகிறது. காரை அங்கே விட்டுவிட்டு ஊர்சுற்றப் போகாதீர்கள். மழை எச்சரிக்கை இருந்தால் ஊருக்கு வெளியே விட்டுவிட்டுப் பார்க் அண்ட் ரைடு பஸ்ஸில் வாருங்கள். மேட்டின் மேலே இருக்கும் பழைய ஊருக்கு ஒன்றும் ஆகாது. என்னைக் கேட்டால் மே, ஜூன், இல்லாவிட்டால் செப்டம்பர்.

அம்மாவுக்கு மூட்டுவலி, அதிகம் நடக்க முடியாது. அவர்களைக் கூட்டிப் போகலாமா? (மில்டன் கீன்ஸ் வாசகி)

போகலாம், வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து கோட்டை வழியாக ஏறுகிற தெரு மேடு, இங்கிலீஷ் பிரிட்ஜிலிருந்து ஏறும் வைல் காப் அதைவிட மேடு, சந்துகளில் உருளைக்கல் பாவிய தரை, சில இடத்தில் படி. இவை எதுவும் அம்மாவுக்கு வேண்டாம். நிலைய வாசலில் டாக்ஸி பிடித்து நேரே செயின்ட் சாட்ஸ் போய்விடுங்கள். எதிரேதான் குவாரி பூங்கா. அதன் நடுவில் பள்ளத்தில் இருக்கும் டிங்கிள் தோட்டம், டிவியில் தோட்டக்கலை சொல்லிப் புகழ்பெற்ற பெர்சி த்ரோவர் 1946-லிருந்து இருபத்தெட்டு வருடம் பார்த்துக்கொண்டது. நிறைய பெஞ்சுகள் உண்டு. கீழே ஆற்றங்கரைப் பாதை சமதரை, லைம் மரங்களின் நிழலிலேயே வெல்ஷ் பிரிட்ஜ் பக்கம் வரலாம் (பெயரைப் பார்த்து எலுமிச்சை இனம் என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு மரம்). பாலத்தருகே விக்டோரியா கீயில் சப்ரினா படகு புறப்படும், மார்ச் முதல் அக்டோபர் வரை ஓடுகிறது, முக்கால் மணி நேரம். நடக்காமலே ஊரை ஆற்றிலிருந்து பார்த்துவிடலாம். சாப்பாட்டுக்குச் சதுக்கம் வரை இன்னொரு டாக்ஸி, சின்னத் தூரம்தான். சந்துகளை நீங்கள் மட்டும் சாயங்காலம் தனியாகச் சுற்றிவிட்டு வாருங்கள், அம்மா ரூமில் ஓய்வெடுக்கட்டும். தங்குமிடம் பிடிக்கும்போது லிஃப்ட் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள், பழைய கட்டடத்து விடுதிகள் பலவற்றில் இருக்காது, கீழ்த்தள ரூம் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.